எர்ணாவூர்க் கரைக்கு வந்தவர்கள்

என் அண்ணன் மகள் கோஸ்டா ரிக்காவுக்கு ஆமை பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, அந்த நாடு எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "பனாமாவுக்குப் பக்கத்துல, அத்தை" என்றாள். அது போதுமாக இருந்தது. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் மதுரை, திருச்சியை எல்லாம் கேள்விப்படுவதற்கு முன்பே பனாமா என்ற பெயர் காதில் விழுந்திருந்தது. அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கணக்கு எழுதுவது அவர் வேலை. ஆயுத பூஜையன்று வேலைக்காரர்களின் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போவார்கள். கப்பல்களின் பின்பக்கத்தில் பெயரும், அதன் கீழே ஊரும் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தால் மறுபடி மறுபடி பனாமா.

"இவ்ளோ கப்பலும் அந்த ஊர்லேந்தா வருது நைனா?" என்று கேட்டேன். கப்பல் ஜப்பானில் கட்டினது, முதலாளி கிரேக்க தேசத்துக்காரன், வேலை செய்கிறவர்கள் பல தேசத்து ஆட்கள், கொடி மட்டும் பனாமாக் கொடி என்று அப்பா விளக்கினார். அந்தக் கப்பல் ஒருமுறைகூடப் பனாமாவுக்குப் போயிருக்க வேண்டியதில்லையாம். 1920-களில் தொடங்கிய ஏற்பாடு அது. வரி குறைவு, சட்டதிட்டம் இளக்கம் என்று அமெரிக்க முதலாளிகள் தங்கள் கப்பல்களை அங்கே கொண்டுபோய்ப் பதிந்தார்கள். ஹோண்டுராஸும் அப்படிக் கொடி கொடுத்த நாடுதான். மத்திய அமெரிக்கா எனக்கு முதலில் வந்து சேர்ந்தது இரும்பில் எழுதிய பெயர்களாகத்தான். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், கரை இருக்கிறது, கரையில் ஆமை முட்டையிடுகிறது என்பதெல்லாம் இந்தப் பெண் போன பிறகுதான் மனதில் ஏறியது.

பனாமாக் கால்வாய் திறந்தது 1914 ஆகஸ்ட் 15. அதற்கடுத்த மாதம் 22ஆம் தேதி இரவு, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. ஹார்பரை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எங்கள் தாத்தா அப்போது ராயபுரத்தில் சின்னப் பையன். வானம் சிவந்ததையும், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதையும் அவர் அப்பாவிடம் சொல்லி, அப்பா எங்களிடம் சொன்னார். எண்ணெய்க்கும் எங்கள் கரைக்கும் உள்ள தொடர்பை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நெருப்புதான் தோன்றும். இன்னும் பின்னால் போனால் கலிய நாயனார். திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்கு ஓட்டிய வணிகர் அவர். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவதே தொண்டு என்று வாழ்ந்தார். செல்வம் கரைந்த பிறகு தன் இனத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்றார். பிறகு கூலிக்குச் செக்காடினார். அதுவும் போனபோது, எண்ணெய்க்குப் பதிலாகத் தன் ரத்தத்தையே விளக்கில் ஊற்றக் கழுத்தை அரியத் துணிந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கனக்கும். தொண்டு என்ற ஒன்றைப் பிடித்தவர் அதைக் கடைசிவரை விடவில்லை என்பதுதான் அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது.

2017 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது எரிவாயுக் கப்பலான பி.டபிள்யூ. மேப்பிள். உள்ளே வந்துகொண்டிருந்தது எண்ணெய் ஏற்றிய டான் காஞ்சிபுரம். கடலுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரை கறுத்தது. வாடைக்காற்றுக் காலத்தில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். எண்ணெய் அதோடு ஓடிப் பெசன்ட் நகர் வரைக்கும் போனது. ஆனால் எர்ணாவூரின் பாரதியார் நகர்க் கரையில் தேங்கிய அளவுக்கு வேறெங்கும் தேங்கவில்லை. காரணம், அங்கே மணல் கிடையாது. கல்தான் உண்டு.

அந்தக் கல் ஏன் வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீட்டப்பட்டது. இந்தக் கரையோரம் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரித்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, கடலோரச் சாலையும் அறுந்தது. தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். எங்கள் சின்ன வயதில் கபடி ஆடிய மணல் திட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் இன்று படகு போகிறது.

2017இல் வந்த எண்ணெய் இந்தக் கற்களின் இடுக்கில்தான் புகுந்து உட்கார்ந்தது. உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் கடல்நீரோடும் குப்பையோடும் சேர்ந்து கேழ்வரகுக் கூழாக இறுகியிருந்ததால் குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் பக்கெட்தான். கடலோரக் காவல்படையினர், துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பத்து இளைஞர்கள், அவர்களுக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் என்று வரிசை நின்று பக்கெட் கைமாறியது.

அந்தப் பிள்ளைகளில் பலர் ஒரு வாரம் முன்பு மெரினாவில் உட்கார்ந்திருந்தவர்கள். ஜல்லிக்கட்டுக்காக ஜனவரி 17ஆம் தேதி தொடங்கிய கூட்டம் 23ஆம் தேதி கலைக்கப்பட்டது. அன்று ஓடிவந்தவர்களுக்குத் தஞ்சம் கொடுத்தது மெரினாவை ஒட்டிய நடுக்குப்பத்து மீனவர்கள். அதற்காக அந்தக் குப்பம் பட்ட அடியை நகரம் முழுக்கப் பார்த்தது. "அன்னிக்கு அவங்க வாசலைத் திறந்தாங்க ஆன்ட்டி, இன்னிக்கு நாங்க வந்திருக்கோம்" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவன் அன்று உட்கார்ந்திருந்த மணலும், இன்று அவன் கால் வழுக்கும் கல்லும் ஒரே சுவரால் வந்தவை. அவனிடம் அதைச் சொன்னேன். பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்.

என் அண்ணன் மகளும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தாள். அப்போது அவள் கல்லூரி முதல் வருடம். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். இரண்டு பேரும் ஆட்டோவில் போய் எர்ணாவூரில் இறங்கினோம். வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. கரையில் நிற்க நிற்கத் தலை வலித்தது. கையுறை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வேகமாக அள்ளினார்கள், ஆனால் பக்கெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கல்லின் மேல் இறங்கி வந்தார். ஆயுள் முழுக்கக் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போனவர்.

"அலை வர்றப்ப மொள்ளாத கண்ணு. அலை வந்துட்டுத் திரும்புது பாரு, அப்ப கல்லுக்கு நடுவுல கெட்டியா நிக்கும். அத்த மொள்ளு. அலையோட சேத்து மொண்டா தண்ணிதான் வரும், உன் இடுப்புதான் போவும்."

அதற்குப் பிறகு அந்த வரிசை அவர் சொன்னபடி நடந்தது. அவர் கையைத் தூக்கினால் நிற்பார்கள், இறக்கினால் மொள்வார்கள். மதியம் குப்பத்துப் பெண்கள் குடத்தில் மோர் கொண்டுவந்தார்கள். கையில் ஒட்டிய கறுப்பு சோப்புக்குப் போகாது என்று தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டார்கள். காசிமேட்டில் அந்த வாரம் மீன் விலை போகவில்லை. எண்ணெய் மீன் என்று ஜனங்கள் வாங்கப் பயந்தார்கள். தங்கள் பிழைப்பு போன நாளில், உதவ வந்தவர்களுக்குச் சொந்தக் காசில் மோர் கரைத்தவர்களை நான் வேறு எந்த இடத்தில் பார்க்கப் போகிறேன்? செய்தியில் 'தன்னார்வலர்கள்' என்று எங்களைக் காட்டினார்கள். மோர் கொண்டுவந்தவர்களை 'பாதிக்கப்பட்ட மீனவர்கள்' என்று காட்டினார்கள். அந்தப் பிரிப்பு எனக்கு அன்றும் சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

அப்பாவும் ஒரு காலத்தில் இப்படி நின்றவர். 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். கடை, நிலம் எல்லாம் போய், கட்டிய துணியோடு இறங்கியவர்கள். வேலை முடிந்த பிறகு அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அவர்களுக்கு டீ கொடுப்பது, பெட்டி தூக்குவது, முகாமுக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுவது என்று நின்றிருக்கிறார்கள். பிறகு அவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்தது. எங்களுக்கு பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். அப்பா டீ கொடுத்த ஒரு குடும்பம் பல வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்பா அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதினார். உதவி செய்தவர், உதவி வாங்கியவர் என்ற கணக்கே அதில் அழிந்துபோயிற்று.

அண்ணன் மகள் போன இடத்தின் பெயர் டோர்டுகுவேரோ. கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கடற்கரை. அங்கே போகச் சாலை கிடையாது. படகில்தான் போக வேண்டும், அல்லது சின்ன விமானம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவில் ஒல்லியான மணல் திட்டில் ஊர். போனில் சொன்னாள்: "அத்தை, நெட்டுக்குப்பத்துல நிக்கிறா மாதிரியே இருக்கு. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கழிமுகம். புகைபோக்கி மட்டும்தான் இல்ல." அவள் சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக் குப்பம் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கொசஸ்தலை ஆறு வந்து சேரும் கழி. அந்த ஊரை ஒட்டிய இடத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இந்த ஊரைச் சுற்றி அனல்மின் நிலையம் கட்டினார்கள், சாம்பலை ஆற்றில் விட்டார்கள்.

அங்கே மணல் கறுப்பு. எரிமலை மண். முதல் இரவு அதில் கால் வைத்தபோது எர்ணாவூர்க் கரை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நடக்க முடியவில்லை என்றாள். பிறகு பழகியது. ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் அங்கே ஏறும். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950-களில் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் விடாமல் நடக்கிறது. இரவில் வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்குதான். ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை கிட்டப் போகக் கூடாது. முட்டையை எண்ணி, ஓட்டை அளந்து, காலில் போட்ட தகட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவர்களே காசு கட்டுகிறார்கள். எங்கள் அம்மாவுக்கு அதுதான் புரியவில்லை. "காசு குடுத்து வேலை செய்றதா? பங்குனி ஆமை நம்ம எண்ணூர்லயே ஒதுங்குதே, அத்தப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சென்னையில் 1970-களிலேயே ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் ராத்திரி முழுக்க நடந்து ஆமை முட்டையைத் தேடிப் பாதுகாத்தார்கள். 1988 முதல் மாணவர்களே நடத்தும் அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் அதே வேலையைச் செய்துவருகிறது. சதீஷ் பாஸ்கரை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1982இல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலித் தீவில் தனியாகத் தங்கினார். ஆள் இல்லாத தீவு, கடல் கொந்தளிப்பதால் படகு வராது. ஆமைகளைக் கணக்கெடுக்க மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் போட்டுக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். யார் என்றே தெரியாத ஒருவரின் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டிய அந்த மீனவரும் எனக்கு அந்தக் கதையில் முக்கியம்.

டோர்டுகுவேரோவில் அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு நடந்த வழிகாட்டியின் முன்னோர்கள் ஆமை பிடித்து விற்றவர்கள். ஒரு காலத்தில் அங்கிருந்து ஆமைகள் உயிரோடு கப்பலேறி, சூப்புக்காக வெளிநாடு போயின. இரவில் கரையில் நின்று ஆமையைப் புரட்டிப் போடுவது அந்த ஊர்க்காரர்களின் கூலி வேலை. ஆமை எங்கே ஏறும், எப்போது ஏறும், சத்தம் கேட்டால் என்ன செய்யும் என்ற அறிவு அவர்களிடம்தான் இருந்தது. காப்பாற்ற வந்தவர்கள் அவர்களைத் துரத்தவில்லை. அந்த அறிவுக்கு வேலை கொடுத்தார்கள். "எர்ணாவூர்ல அந்த நைனா கையத் தூக்கினா நாம நிப்போமே, அதே மாதிரிதான் அத்தை இங்கயும்" என்றாள். அவ்வளவு தூரம் போய் அவள் கற்றுக்கொண்டு வந்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது இது. பாரதியார் நகர்க் கல்லின் மேல் தொடங்கியது அங்கே போய் முதிர்ந்திருந்தது.

2017இல் எர்ணாவூருக்கு வந்த கூட்டம் இரண்டு வாரத்தில் கரைந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. பரீட்சை இருக்கும், வேலை இருக்கும். அவர்கள் வந்தது பெரிய காரியம். ஆனால் கல்லிடுக்கில் மிச்சமிருந்த எண்ணெய் வெயிலில் உருகி மறுபடி வழிந்தபோது, அதைச் சுரண்ட வந்தவர்கள் குப்பத்தார் மட்டும்தான். அப்போதெல்லாம் எனக்குத் திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரம் ஞாபகம் வரும். அந்த மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்கு உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிறகு ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. மாசியில் மகிழடி சேவை நடக்கும்போது கூட்டத்தில் நின்று பார்ப்பேன். போனவருக்குக் கண் திரும்பக் கிடைத்த கதை ஊர் ஊராகப் பாடப்படுகிறது. எங்கள் ஊர்ப் பெண் சங்கிலியார் இங்கேயே இருந்தாள். நான் சின்ன வயதிலிருந்தே அவள் பக்கம் நின்றுதான் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். மழை நின்ற பிறகு திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கும் தெருக்களில் வெள்ளம் வடிந்தது. வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையில் இறங்கி, எண்ணூர்க் கழி முழுக்கப் பரவியிருந்தது. அலையாத்திச் செடிகள் தண்டு வரைக்கும் கறுத்து நின்றன. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தன. படகும் வலையும் தொட முடியாதபடி ஆயின. 2017இல் எண்ணெய் கடலில். கடல் பெரியது, அலை அடித்துக் கொஞ்சமாவது கலைக்கும். இது கழி. இறால் குஞ்சு பொரிக்கிற இடம். சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் வயல்.

அந்த முறை வெளியிலிருந்து வந்தவர்கள் குறைவு. நகரமே தண்ணீரில் கிடந்தது, உதவப் போகிற பிள்ளைகள் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் போயிருந்தார்கள். அதுவும் தேவைதான். காட்டுக்குப்பத்து மீனவர்கள் தங்கள் படகிலேயே போய், குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். முதல் நாட்களில் சட்டை, லுங்கி தவிர உடம்பில் வேறு பாதுகாப்பு இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு எதிரே, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரு மாதத்துக்குள் ஒரு கரை எத்தனையைத் தாங்கும்?

அண்ணன் மகள் அப்போது ஊரில் இருந்தாள். என்னோடு காட்டுக்குப்பத்துக்கு வந்தாள். வந்தவளுக்கு மொள்ளுவதற்குக் குவளை தேவைப்படவில்லை. அங்கே ஆள் இருந்தது. தேவைப்பட்டது எழுதுகிற கை. அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு அது கிடைத்தது. வராதவர்கள் நிறையப் பேர். மீன் வாங்கித் தலையில் சுமந்து விற்கிற பெண்கள், வலை பின்னுகிறவர்கள், கையால் இறால் பிடிக்கிறவர்கள். எனக்குத் தமிழ் எழுதத் தெரியும், மனு எழுதத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் சுண்ணாம்புக் கட்டி பிடித்த கை. அவளுக்கு அட்டவணை போடத் தெரியும். ஆமைக்குப் போட்ட அட்டவணை: தேதி, நேரம், இடம், முட்டை எத்தனை. அதே மாதிரி இங்கே ஒவ்வொரு பெண்ணிடமும் உட்கார்ந்து கேட்டாள். புயலுக்கு முன்னால் ஒரு நாளைக்கு எவ்வளவு இறால், எந்த இடத்தில், யாரிடம் விற்பீர்கள், இப்போது எத்தனை நாளாக ஆற்றில் இறங்கவில்லை. அப்பா மூட்டை எண்ணி எழுதிய ஊரில் அவர் பேத்தி இதை எழுதுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குக் கூட்டம் வராது. படம் எடுக்க எதுவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, பாஸ்புக், ரேஷன் கார்டு, நகல் எடுக்கக் கடைக்கு நடை, மறுபடி நடை. பல வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் அது நடந்தது. மனு கொடுத்த இடத்தில் போய் நின்று, பதில் கேட்டு, மறுபடி எழுத வேண்டும். எங்கள் கரைக்கு உதவ வருகிறேன் என்று யாராவது என்னிடம் கேட்டால், விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி ஒரு பேனாவோடு வாருங்கள், மறுவாரமும் வாருங்கள் என்பேன்.

2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுகப் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் செத்தவை என்றார்கள். ஆமை காற்றைச் சுவாசிக்கிற உயிர், வலைக்குள் நெடுநேரம் மாட்டினால் பிழைக்காது. அண்ணன் மகள் வடக்குக் கரையில் ஒதுங்கியவற்றை எண்ண வந்தாள். எண்ணிவிட்டு நேராகக் காசிமேட்டுக்குப் போனாள். அங்கே லாஞ்சு ஓட்டுகிறவர்களிடம் ஆமை விலக்குக் கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். வலையின் நடுவில் கம்பிச் சட்டம் வைத்துத் தைப்பது. மீன் உள்ளே போகும், ஆமை மேல் வாசல் வழியாக வெளியேறும். அவர்கள் கோபமாக இருந்தார்கள். மீனும் அதில் தப்பிப் போகிறது, டீசல் காசை யார் தருவது என்று கேட்டார்கள். அவள் வாதாடவில்லை. எவ்வளவு தப்பிப் போகிறது என்று கேட்டு, அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆமையை எண்ணுகிறவர்கள் மீனவன் இழப்பையும் எண்ணினால்தான் அந்தப் பேச்சு மேலே நகரும் என்று நானும் நம்புகிறேன்.

போன முறை காட்டுக்குப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா வந்தார்கள். புயல் முடிந்து இவ்வளவு நாளாகியும் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

"நீதான் ஏதோ தேசத்துல ஆமைக்குக் கணக்கு எழுதுன பொண்ணாமே. அப்போ என் கணக்கையும் எழுது" என்றார்கள்.

படிவத்தில் தொழில் என்ற இடத்தில் படகு உரிமையாளர், படகில் செல்பவர், மீன் வியாபாரி என்று மூன்று கட்டம்தான் இருந்தது. அந்த அம்மா மூன்றும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். அவள் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, 'கையால் இறால் பிடிப்பவர்' என்று எழுதினாள். பின்னால் நின்ற பெண், "எனக்கும் அந்தக் கட்டம்தாம்மா" என்று ரேஷன் கார்டை நீட்டினாள்.